மெஷினை நகர்த்துவதற்கு முன்: தையல் லைனைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

தையல் லைனில் உற்பத்தி குறைந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது ஆபரேட்டரின் கை வேகத்தின் மீதுதான். ஆனால் லைனில் ஒரு மணி நேரம் பொறுமையாக நின்று பாருங்கள். ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் கட்டுக் கட்டாகத் துணி குவிந்திருக்கும். இரண்டு மெஷின் தள்ளி ஒருவர், துணி வராததால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருவரும் நன்றாகத் தைப்பவர்களே. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குத் துணி போய்ச் சேரும் இடத்தில்தான் நேரம் தொலைகிறது. அதைக் கடிகாரம் வைத்து அளப்பது கடினம். சராசரிக் கணக்கில் அது அகப்படுவதே இல்லை. லைனைக் கணினிக்குள் கட்டி ஓட்டிப் பார்த்தால் அகப்படும்.

குளோ, பிரவுஸ்வேர் போன்ற மென்பொருள்களில் ஆடையை முப்பரிமாண உருவத்துக்கு உடுத்திப் பார்ப்பது வடிவமைப்பாளரின் வேலை. அது இந்தக் கட்டுரையில் வராது. இங்கே பார்க்கப்போவது உற்பத்தி ஓட்டத்தின் சிமுலேஷன். கட்டு வந்தது, தையல் தொடங்கியது, முடிந்தது, நூல் அறுந்தது, மெக்கானிக் வந்தார் என்று நிகழ்வுகளின் பட்டியலைக் கணினி வைத்துக்கொண்டு ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவிக்கொண்டே போகும். எட்டு மணி நேர ஷிப்ட் சில விநாடிகளில் ஓடி முடிந்துவிடும். இந்த முறை புதியதல்ல. ஐபிஎம் நிறுவனத்தில் ஜெஃப்ரி கார்டன் இதற்கென்றே ஜி.பி.எஸ்.எஸ். என்ற மொழியை 1961-இல் அறிமுகப்படுத்தினார்.

முதலில் ஒரு காகிதமும் பென்சிலும்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு முறை கையால் செய்து பாருங்கள். இந்தப் பத்து நிமிடப் பயிற்சியைத் தவிர்த்தவர்களுக்குப் பிறகு கணினி காட்டும் எண்கள் வெறும் எண்களாகவே இருந்துவிடுகின்றன.

அடுத்தடுத்து இரண்டு ஆபரேட்டர்கள். முதல்வர் தோள் இணைக்கிறார், இரண்டாமவர் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டை) வைக்கிறார். இருவருக்கும் ஒரு கட்டுக்குச் சராசரி 5 நிமிடம். ஆறு கட்டுகள் தைக்க வேண்டும். சராசரிக் கணக்குப்படி முதல் கட்டு 5-ஆவது நிமிடம் இரண்டாமவரிடம் போகும்; அவர் ஆறு கட்டையும் 35-ஆவது நிமிடம் முடிப்பார்.

ஆனால் யாரும் ஒவ்வொரு கட்டையும் அச்சடித்தாற்போல் 5 நிமிடத்தில் தைப்பதில்லை. முதல்வருக்கு 4, 7, 5, 3, 6, 5 நிமிடம் ஆனதாக வைத்துக்கொள்வோம். இரண்டாமவருக்கு 6, 3, 5, 7, 4, 5. இரண்டின் கூட்டுத்தொகையும் 30. சராசரி அதே 5. முதல்வர் கட்டுகளை முடிப்பது 4, 11, 16, 19, 25, 30 ஆகிய நிமிடங்களில். இரண்டாமவரின் கதையைப் பாருங்கள்:

கட்டு 1: 4-இல் தொடங்கி 10-இல் முடிக்கிறார்.
கட்டு 2: 11-இல்தான் வருகிறது. 1 நிமிடம் சும்மா இருந்து, 11-இல் தொடங்கி 14-இல் முடிக்கிறார்.
கட்டு 3: 16-இல் வருகிறது. 2 நிமிடம் சும்மா. 21-இல் முடிகிறது.
கட்டு 4: 19-இலேயே வந்துவிட்டது, 2 நிமிடம் காத்திருந்து, 28-இல் முடிகிறது.
கட்டு 5: 25-இல் வந்து 3 நிமிடம் காத்திருக்கிறது. 32-இல் முடிகிறது.
கட்டு 6: 30-இல் வந்து 2 நிமிடம் காத்திருக்கிறது. 37-இல் முடிகிறது.

35-இல் முடிய வேண்டிய வேலை 37 ஆகிவிட்டது. ஆள் 3 நிமிடம் துணிக்காகவும், துணி 7 நிமிடம் ஆளுக்காகவும் காத்திருந்தன. ஒரே லைனில் இரண்டும் நடக்கின்றன. இதில் யார் மீதும் குறை சொல்ல முடியாது. முதல்வர் 3 நிமிடத்தில் முடித்த கட்டின் வேகம், இரண்டாமவர் நெருக்கடியில் இருந்த நேரத்தில் வந்ததால் வீணானது. முதல்வரின் 7 நிமிடத் தாமதமோ அப்படியே இரண்டாமவரின் தலையில் விழுந்தது. முந்திச் சேர்த்த நேரம் அடுத்தவருக்குப் போய்ச் சேருவதில்லை. பிந்திய நேரம் தவறாமல் சேருகிறது. இரண்டு பேருக்கு இது என்றால் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்காரும் லைனில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

இதே அட்டவணையை எக்செலில் போடலாம். ஒரு கட்டின் தொடக்க நேரம் என்பது "அந்தக் கட்டு வந்து சேர்ந்த நேரம், ஆபரேட்டர் முந்தைய கட்டை முடித்த நேரம்" ஆகிய இரண்டில் எது பின்னால் வருகிறதோ அது. இந்த ஒரு விதியை நகல் எடுத்துக்கொண்டே போனால் சிறிய லைன் முழுவதும் வந்துவிடும். சிமுலேஷன் மென்பொருள் அடியில் செய்வதும் இதைத்தான்.

கேள்வியை எழுதி வையுங்கள்

"லைனை மேம்படுத்த வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "கட்டில் 20 துணிக்குப் பதில் 10 வைத்தால் மணிக்கு எத்தனை துணி கூடும் அல்லது குறையும்?", "கழுத்து டேப்புக்கு இன்னொரு ஆள் போடுவதா, இருக்கும் ஒருவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுப்பதா?", "ஒருவர் விடுப்பு எடுத்தால் யாரை எங்கே உட்கார வைப்பது?" இவை கேள்விகள். கேள்வியை ஒரு வரியில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். மாதிரியில், அதாவது கணினிக்குள் கட்டப்போகும் லைனில், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற ஒவ்வொரு சந்தேகத்தையும் அந்த வரிதான் தீர்க்கும். தையல் லைனைப் பற்றிய கேள்விக்குப் பேக்கிங் பகுதியை விவரமாகக் கட்ட வேண்டியதில்லை.

எதை அளக்கப்போகிறீர்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். மணிக்கு எத்தனை துணி என்பதோடு, லைனில் தேங்கும் துணியின் அளவும் ஒரு துணி உள்ளே நுழைந்து வெளியே வர ஆகும் நேரமும் முக்கியம். இவை மூன்றையும் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி கட்டிப்போடுகிறது: தேங்கியிருக்கும் அளவை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் உள்ளே கழியும் சராசரி நேரம் வரும். லைனில் 680 துணி தேங்கி, மணிக்கு 85 வெளியே போனால், ஒவ்வொரு துணியும் சராசரியாக 8 மணி நேரம் உள்ளேயே கிடக்கிறது. அதில் ஊசிக்கு அடியில் இருக்கும் நேரம் 5 நிமிடம்கூட இருக்காது.

லைனை நடந்து வரையுங்கள்

அலுவலகத்தில் இருக்கும் வேலைப் பட்டியலை நம்பி மாதிரி கட்ட வேண்டாம். வெட்டிய துணி வரும் இடத்திலிருந்து செக்கிங் மேசை வரை ஒரு கட்டின் பின்னாலேயே நடந்து போங்கள். பட்டியலில் இல்லாத மேசைகளும், கட்டைத் தூக்கிக்கொண்டு போகும் ஹெல்பரும், "இது சரியாக வரவில்லை" என்று தனியாக ஒதுக்கி வைத்த துணிகளும் அப்போதுதான் கண்ணில் படும்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஓர் எளிய டி-சர்ட் லைனை எடுத்துக்கொள்வோம். அதன் வேலைகளும் ஒரு துணிக்கு ஆகும் சராசரி விநாடிகளும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை: தோள் இணைப்பு 20, ரிப் தயாரிப்பு 15, ரிப் வைத்தல் 30, கழுத்து டேப் 35, லேபிள் 20, கை மடிப்பு 30, கை இணைப்பு 45, பக்கத் தையல் 50, அடி மடிப்பு 30. மொத்தம் 275 விநாடி. கை இணைப்புக்கும் பக்கத் தையலுக்கும் இரண்டிரண்டு பேர்; மற்றவற்றுக்கு ஒருவர். ஆக 11 பேர். லைனை இழுத்துப் பிடிப்பது 35 விநாடி ஆகும் கழுத்து டேப். 3600 விநாடியை 35-ஆல் வகுத்தால், காகிதக் கணக்குப்படி மணிக்கு 102 துணி வர வேண்டும்.

வரையும்போது புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, உடலும் கையும் சேரும் இடம். ஒரு துணி ரோலுக்கும் இன்னொரு ரோலுக்கும் நிறத்தில் மெல்லிய வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், எந்தக் கட்டின் உடலோ அதே எண் கட்டின் கைதான் அதில் சேர வேண்டும். உடல் வந்து காத்திருக்க, அதன் கை இன்னும் மடிப்பு மெஷினிலேயே இருக்கலாம். மாதிரியில் "ஏதாவது ஓர் உடல், ஏதாவது ஒரு கை" என்று சேர்த்துவிட்டால் இந்தக் காத்திருப்பு மறைந்துபோய், உற்பத்தி நிஜத்தைவிட அழகாகத் தெரியும்.

இன்னொன்று, செக்கிங்கிலிருந்து திரும்பி வரும் ஆல்டர் துணி. 100 துணியில் 6, கழுத்து டேப்புக்குத் திரும்பி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். தையலைப் பிரித்து மறுபடி தைக்க ஒவ்வொன்றுக்கும் 100 விநாடி. 100 துணிக்கு 600 விநாடி, அதாவது துணிக்கு 6 விநாடி கூடுகிறது. 35 என்று இருந்த கழுத்து டேப் 41 ஆகிறது. மணிக்கு 102 என்பது 87 ஆகச் சரிகிறது. திரும்பி வரும் துணியை ஆபரேட்டர் உடனே எடுக்கிறாரா, நாள் முடிவில் சேர்த்து வைத்துப் பார்க்கிறாரா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு மாதிரி.

நேரம் எடுப்பது

இந்த வேலையில் பாதி உழைப்பு இங்கேதான் போகும். போகவும் வேண்டும்.

ஸ்டாப்வாட்சோடு போய் நிற்பதற்கு முன் ஆபரேட்டர்களிடம் எதற்காக என்று சொல்லுங்கள். தன் பின்னால் ஒருவர் கடிகாரத்தோடு நின்றால் சிலர் பதறி வேகமாகத் தைப்பார்கள். சிலர் டார்கெட் ஏறிவிடும் என்று பயந்து மெதுவாகத் தைப்பார்கள். இரண்டுமே பொய்யான எண்கள். இந்த எண்களை வைத்து யாருடைய டார்கெட்டையும் ஏற்றமாட்டோம் என்று நிர்வாகம் முன்னாலேயே வாக்குக் கொடுக்க வேண்டும், அதைக் காப்பாற்றவும் வேண்டும். வாக்கு மீறப்பட்ட இடத்தில் அடுத்த முறை உண்மையான நேரம் கிடைக்கவே கிடைக்காது. அதைவிட, நம்பிப் பேசிய ஆபரேட்டருக்கு அது அநியாயம்.

ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது 30 முறையாவது எடுங்கள். எல்லாவற்றையும் காலையிலேயே எடுத்துவிடாமல், ஷிப்டின் தொடக்கம், நடு, கடைசி என்று பிரித்து எடுங்கள். ஒரே வேலையை இருவர் செய்தால் இருவரின் எண்களையும் தனித்தனியாக வையுங்கள். வேகமானவர், நிதானமானவர் இருவரையும் கலந்து ஒரே பட்டியலாக்கினால், இல்லாத மூன்றாவது ஆபரேட்டர் ஒருவரை மாதிரியில் உட்கார வைத்ததாக ஆகும்.

தொழிற்சாலையில் ஏற்கெனவே எஸ்.ஏ.எம். எனப்படும் நிர்ணய நிமிடம் ஒவ்வொரு வேலைக்கும் இருக்கும். அதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அதில் ஓய்வுக்கும், நூல் மாற்றுவதற்கும், சிறு தடங்கல்களுக்கும் கூடுதல் நேரம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மாதிரியில் நூல் அறுவதைத் தனி நிகழ்வாக வைத்துவிட்டு எஸ்.ஏ.எம். எண்ணையும் போட்டால் அதே இழப்பை இரண்டு முறை கழித்ததாக ஆகும்.

எடுத்த 30 எண்களையும் வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். தையல் நேரங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். எவ்வளவு திறமை இருந்தாலும் ஓர் எல்லைக்குக் கீழே போக முடியாது. ஆனால் துணி சுருண்டுவிட்டால், நூல் சிக்கிவிட்டால், இழுத்துக்கொண்டே போகும். அதனால் மணி வடிவ இயல்நிலைப் பரவல் இதற்குப் பொருந்தாது. சில நேரங்களில் அது பூஜ்யத்துக்குக் கீழேகூட நேரத்தைக் கொடுத்துவிடும். இப்படி ஒரு பக்கம் சாய்ந்த லாக்நார்மல் அல்லது காமா பரவல் ஏற்றது. எண்கள் குறைவாக இருந்தால், "வேகமாக முடிந்தால் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, இழுத்தால் எவ்வளவு" என்று ஆபரேட்டரிடமே கேட்டு முக்கோணப் பரவலை வையுங்கள். தொடங்குவதற்கு அது போதும்.

ஒரு நுட்பம். 20 துணி உள்ள கட்டுக்கு நேரம் கொடுக்கும்போது, ஒரு துணிக்கான நேரத்தை ஒரு முறை எடுத்து 20-ஆல் பெருக்கக் கூடாது; 20 முறை தனித்தனியாக எடுத்துக் கூட்ட வேண்டும். தனித்தனியாகக் கூட்டினால் ஒன்றின் ஏற்றம் இன்னொன்றின் இறக்கத்தோடு சமனாகி, ஏற்ற இறக்கத்தின் அளவான திட்ட விலக்கம் ஏறத்தாழ நாலரை மடங்குதான் கூடும். பெருக்கினால் 20 மடங்கு கூடிவிடும்; லைன் நிஜத்தைவிடப் பல மடங்கு தள்ளாடும்.

தடங்கல்களுக்கும் கணக்கு வேண்டும். மெக்கானிக்கின் நோட்டுப் புத்தகம் இதற்கு நல்ல துணை. எந்தத் தடங்கல் கடிகாரத்தைப் பார்த்து வருகிறது, எது தையலைப் பார்த்து வருகிறது என்று பிரியுங்கள். அடிநூல் சுற்றிய பாபின் தீர்வது தைத்த நீளத்தைப் பொறுத்தது. மெஷின் சும்மா நிற்கும்போது பாபின் தீராது. ஆகவே அதை "இத்தனை துணிக்கு ஒரு முறை" என்று வைக்க வேண்டும். அதுவும் லாக்ஸ்டிட்ச் மெஷினுக்கு மட்டும். ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் பாபினே கிடையாது. அடியில் ஓடும் நூல் கோனிலிருந்து லூப்பர் என்ற கொக்கிக்கு நேராக வருகிறது.

மாதிரியைக் கட்டுவது

மென்பொருளில் பெரிய தயக்கம் வேண்டாம். அரீனா, எனிலாஜிக், ஃபிளெக்ஸ்சிம், சிமியோ, சீமென்ஸின் பிளான்ட் சிமுலேஷன் எல்லாம் விலை கொடுத்து வாங்குபவை. இவற்றில் அரீனா, எனிலாஜிக் போன்றவற்றுக்கு, கற்பவர்களுக்கான வரம்புள்ள இலவசப் பதிப்புகளும் உண்டு. முழுக்க இலவசமாக வேண்டுமென்றால், பெட்டிகளை இழுத்து வைத்துக் கட்டுவதற்கு ஜாம்சிம் இருக்கிறது. பைத்தான் நிரலாக்க மொழி தெரிந்தவர்களுக்கு அதில் இயங்கும் சிம்பை போதும். என் பரிந்துரை: குழுவில் யாருக்காவது பைத்தான் தெரிந்தால் சிம்பை, இல்லையென்றால் ஜாம்சிம். அசையும் படம் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் வாங்காதீர்கள்.

முழு லைனையும் ஒரே மூச்சில் கட்டாமல், இரண்டு ஆபரேட்டரில் தொடங்குங்கள். அதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது: விடை முன்கூட்டியே தெரியும். இருவருக்கும் சராசரி 1 நிமிடம், நேரம் எக்ஸ்பொனென்ஷியல் பரவல் (பெரும்பாலும் சிறிய நேரங்கள், எப்போதாவது மிக நீண்டவை), முதல்வருக்குத் துணி எப்போதும் உண்டு, இருவருக்கும் நடுவில் துணி வைக்க இடமே இல்லை என்று வையுங்கள். இரண்டாமவர் கை ஓயும்வரை முதல்வர் தன் துணியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். காகிதக் கணக்கு மணிக்கு 60 என்று சொல்லும். கணிதம் தரும் சரியான விடை 40. நடுவில் ஒரு துணிக்கு இடம் கொடுத்தால் 45. மூன்று துணிக்கு இடம் கொடுத்தால் 50. ஏழுக்கு 54. உங்கள் மாதிரியும் நீண்ட நேரம் ஓடியபின் இதே எண்களுக்கு வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் எங்கோ பிழை இருக்கிறது. லைனைப் பெரிதாக்குவதற்கு முன் அதைத் தேடிப் பிடியுங்கள்.

இந்த எண்களை இன்னொரு முறையும் பாருங்கள். யாரும் வேகமாகத் தைக்கவில்லை, மெஷின் மாறவில்லை; துணி வைக்க மூன்று இடம் கொடுத்ததற்கே 40 என்பது 50 ஆகிறது. ஆனால் அடுத்த நான்கு இடங்களுக்கு நான்குதான் கூடுகிறது.

பிறகு ஒவ்வொரு வேலையாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றைச் சேர்த்தபின்னும் ஒரே ஒரு கட்டை மட்டும் உள்ளே விட்டு, அது போகும் வழியை நிமிடம் நிமிடமாகப் படித்துப் பாருங்கள். ஏற்ற இறக்கத்தை முழுவதும் எடுத்துவிட்டு, எல்லாருக்கும் சராசரியை மட்டும் கொடுத்தும் ஒரு முறை ஓட்டுங்கள். ஆல்டரும் தடங்கலும் இல்லாத அந்த ஓட்டத்தில் மணிக்கு 102 வந்தால் எலும்புக்கூடு சரி.

நிஜத்தோடு ஒப்பிடுவது

மாதிரி பிழையில்லாமல் ஓடுவது வேறு, உங்கள் லைனைப் போல ஓடுவது வேறு. மொத்த உற்பத்தி ஒத்துப்போனால் மட்டும் போதாது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்து, மொத்தத்தைச் சரியாகக் காட்டிவிடும். எந்த மெஷினுக்குப் பக்கத்தில் எவ்வளவு துணி தேங்குகிறது என்பதை ஒப்பிடுங்கள். கணினியில் பக்கத் தையலிலும், நிஜத்தில் கழுத்து டேப்பிலும் குவிந்தால் மாதிரி உங்களுடையது அல்ல.

நல்ல சோதனை ஒன்று உண்டு. நிஜ லைனின் மணிவாரி உற்பத்தியும் தேக்கமும் அடங்கிய சில நாள் கணக்கையும், மாதிரி கொடுத்த சில நாள் கணக்கையும் ஒரே வடிவத்தில் அச்சிட்டு, எது எது என்று சொல்லாமல் லைன் சூப்பர்வைசரிடம் கொடுங்கள். "இந்தத் தாள் நம் லைன் இல்லை" என்று அவர் ஒன்றை எடுத்து வைத்தால், ஏன் என்று கேளுங்கள். "மதிய இடைவேளைக்கு அப்புறம் இப்படி உடனே ஏறாது", "ஸ்டைல் மாறிய முதல் நாளில் இவ்வளவு வரவே வராது" என்பது போன்ற பதில்கள்தான் மாதிரியைத் திருத்துபவை. புதிய ஸ்டைல் ஏறும் நாள்களில் கை பழகும் வரை நேரம் கூடுதலாக இருக்கும். அந்த நாள்களைப் பற்றிய கேள்வி என்றால் அதையும் மாதிரியில் சேர்க்க வேண்டும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு முறை ஓட்டி வந்த எண்ணை வைத்து முடிவெடுக்கவே கூடாது. அது ஒரு நாளின் கதை. தையல் நேரங்களையும் தடங்கல்களையும் கணினி குலுக்கி எடுக்கும் சமவாய்ப்பு எண்களின் தொடக்கத்தை மாற்றி மாற்றிக் குறைந்தது 10 ஓட்டமாவது ஓட்டுங்கள். பத்து ஓட்டத்தில் ஷிப்டுக்குச் சராசரி 680 துணி, திட்ட விலக்கம் 14 என்று வந்தால், 14-ஐ 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்து 2.262-ஆல் பெருக்குங்கள், 10 வரும். உண்மையான சராசரி 670-க்கும் 690-க்கும் இடையில் இருக்கிறது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். இதுவே நம்பிக்கை இடைவெளி. அந்த 2.262, பத்து ஓட்டங்களுக்கு உரிய டி-அட்டவணை எண்.

லைன் காலியாகத் தொடங்குகிறதா என்பதையும் பாருங்கள். மென்பொருள் இயல்பாகவே காலியான லைனில் தொடங்கும். நிஜத்திலோ நேற்று மாலை விட்ட கட்டுகள் இன்று காலையில் மேசை மீதே இருக்கும். ஒன்று, தேக்கத்தை நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள். அல்லது லைன் நிரம்பி நிலைக்கு வரும் வரையிலான நேரத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இரண்டு யோசனைகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே சமவாய்ப்பு எண் வரிசையைக் கொடுங்கள். அப்போது இரண்டும் அதே நூல் அறுதலையும் அதே தாமதங்களையும் சந்திக்கும். ஓட்டத்துக்கு ஓட்டம் வித்தியாசத்தை எடுத்து, அந்த வித்தியாசத்துக்கு நம்பிக்கை இடைவெளி போடுங்கள். அதற்குள் பூஜ்யம் விழுந்தால், இதுவரை ஓட்டியதை வைத்து ஒரு யோசனை மற்றதைவிட மேல் என்று சொல்ல இடமில்லை.

மாற்றிப் பார்ப்பது

இப்போதுதான் பலன் தரும் பகுதி. நம் டி-சர்ட் லைனுக்கே வருவோம். ஆல்டரை ஒதுக்கிவைத்துக் கணக்கிடுவோம். கழுத்து டேப்புக்கு ஒருவரைக் கூட்டினால் 12 பேர். அந்த வேலை 17.5 விநாடியாகிவிடும். லைனை இழுத்துப் பிடிக்கும் இடம் இப்போது 30 விநாடி ஆகும் மூன்று வேலைகளுக்கு மாறும். காகிதத்தில் மணிக்கு 120.

ஆள் கூட்டாமலே வேறு வழி இருக்கிறது. ரிப் தயாரிப்பவருக்குத் துணிக்கு 15 விநாடிதான் வேலை. அவருக்குக் கழுத்து டேப்பும் கற்றுக்கொடுத்து, பக்கத்தில் ஒரு மெஷினும் போட்டால், 15-உம் 35-உம் சேர்ந்த 50 விநாடி வேலையை இருவர் பகிர்ந்துகொள்வார்கள், ஆளுக்கு 25. அதே 11 பேர், அதே காகித 120. லைன் சமநிலை (மொத்தம் 275 விநாடியை, ஆள் எண்ணிக்கையை லைனை இழுத்துப் பிடிக்கும் வேலையின் விநாடியால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தது) 71 சதவீதத்திலிருந்து 83 ஆகிறது.

ஆனால் அவர் எப்போது எழுந்து டேப்புக்குப் போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும்? இதைச் சராசரிக் கணக்கு சொல்லவே சொல்லாது. அடிக்கடி மாறினால் எழுந்து உட்காருவதிலேயே நேரம் போகும். தாமதமாக மாறினால் ரிப் தீர்ந்துபோய், ரிப் வைப்பவர் நின்றுவிடுவார். "தயாரான ரிப் 40-க்கு மேல் இருந்தால் டேப்புக்குப் போ, 15-க்குக் கீழ் இறங்கினால் திரும்பு" என்பது போன்ற ஒரு விதியை மாதிரியில் வைத்து, அந்த இரண்டு எண்களையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். தரையில் இதைச் சோதித்தால் வாரக்கணக்கில் ஆபரேட்டர்கள் அலைக்கழிய வேண்டும். கணினியில் ஒரு மதியம் போதும். சிமுலேஷனின் உண்மையான பயன் எங்கே என்று என்னைக் கேட்டால், இத்தகைய விதிகளைக் கண்டுபிடிப்பதில்தான் என்பேன்.

கட்டின் அளவும் சோதிக்க வேண்டியது. நம் லைனில் உடல் துணி ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும் வேலைகள் ஏழு. மொத்தம் 230 விநாடி. கட்டில் 20 துணி என்றால், எங்கும் ஒரு விநாடிகூடக் காத்திருக்காமல் போனாலும் கட்டு வெளியே வர 76 நிமிடத்துக்கு மேல் ஆகும். 5 துணி என்றால் 19 நிமிடம். தவறு நேர்ந்தாலும் இருபதில் தெரிவதற்குப் பதில் ஐந்திலேயே தெரிந்துவிடும். ஆனால் கட்டை அவிழ்த்துக் கட்ட 10 விநாடி ஆகிறதென்றால், 20 துணிக் கட்டில் துணிக்கு அரை விநாடி. 5 துணிக் கட்டில் 2 விநாடி. 35 விநாடி ஆகும் கழுத்து டேப்புக்கு அது சிறிய சுமை அல்ல. எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் லைனின் எண்களே சொல்லட்டும்.

எல்லாரையும் நூறு சதவீதம் வேலையில் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். துணி ஒழுங்கின்றி வந்து, தைக்கும் நேரமும் எக்ஸ்பொனென்ஷியலாக மாறும் ஒரு மெஷினில், ஆபரேட்டர் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் துணி சராசரியாக நான்கு தையல் நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது. உங்கள் லைனில் ஏற்ற இறக்கம் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும் வளைவின் போக்கு இதுதான். சிறிது ஓய்வு உள்ள ஆபரேட்டரைப் பார்த்து முகம் சுளிக்கும் நிர்வாகத்திடம் இந்த மூன்று எண்களையும் காட்டுங்கள். அந்த ஓய்வுதான் லைனின் தள்ளாட்டத்தை உள்வாங்கிக்கொள்கிறது.

ஆல்டரைக் குறைத்தும் ஓட்டிப் பாருங்கள். 6 சதவீதம் 2 ஆனால், கழுத்து டேப் 41-இலிருந்து 37 விநாடிக்கு இறங்கும். மணிக்கு 87 என்பது 97 ஆகும். ஆள் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, அந்தத் தையல் ஏன் கோணுகிறது என்று மெக்கானிக்கோடு உட்கார்ந்து பேசுவதற்கு இந்த ஒரு கணக்கே போதுமான காரணம்.

தரைக்குக் கொண்டுவருவது

மாதிரி தந்த விடையை நேராக உத்தரவாக மாற்றாதீர்கள். முதலில் ஆபரேட்டர்களிடமும் சூப்பர்வைசரிடமும் திரையிலேயே காட்டுங்கள். "மெஷினை அங்கே போட்டால் கட்டு வைக்கும் தொட்டிக்கு இடம் இருக்காது" என்று ஒருவர் சொல்வது, பத்து ஓட்டம் சொல்லாத விஷயமாக இருக்கும். அதைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றத்தை மட்டும், ஒரு லைனில் மட்டும் செய்யுங்கள். கை பழகும் முதல் சில நாள்களைக் கணக்கில் எடுக்காமல், அதற்குப் பிறகு வரும் ஷிப்டுகளின் உற்பத்தியையும் தேக்கத்தையும் குறித்துக்கொண்டு, மாதிரியின் ஓட்டங்கள் காட்டிய ஏற்ற இறக்கத்துக்குள் அவை விழுகின்றனவா என்று பாருங்கள். வெளியே விழுந்தால், நேரங்களை மறுபடி எடுக்க வேண்டிய முதல் இடம் நீங்கள் மாற்றம் செய்த அந்த வேலைதான். அங்கே எண்கள் ஒத்துப்போனால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள மெஷின்களுக்கு நகருங்கள். ஸ்டைல் மாறும்போது முழு மாதிரியையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. வேலைப் பட்டியலையும் நேரங்களையும் மட்டும் மாற்றிவிட்டு, அதே இரண்டு ஆபரேட்டர் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.